புகை மட்டும் போதுமா?



செய்யாறு, ஆரணிப் பக்கத்து ஊர்களில் அந்தி சாய்ந்ததும் மாட்டுத் தொழுவங்களில் வேப்பந்தழைப் புகை மூட்டுவது நெடுநாள் வழக்கம். வாயில்லாச் சீவன்கள்மீது நம்மவர் கொண்ட பரிவுக்கு அது சான்று. ஆயினும் புகை ஈயை விரட்டுமேயன்றி ஒழிக்காது. புகை அடங்கியதும் ஈ திரும்பிவிடும்.

மாடு நின்ற இடத்திலேயே காலை உதறிக்கொண்டிருந்தால், கொட்டில் ஈ கடிக்கிறதா என்று பாருங்கள். பார்வைக்கு இது வீட்டு ஈயைப் போன்றதே. ஆனால் ஊசி போன்ற வாயால் தோலைத் துளைத்துக் குருதியை உறிஞ்சும். வேதனையால் மாடு தீனியை மறக்கும், பாலும் குறையும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. 1929ஆம் ஆண்டில் இன்றைய சாம்பியா நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல் கழலை நோய், 2019இல் ஒடிசா வழியே நம் நாட்டில் தலைகாட்டியது. 2022இல் இராசஸ்தான், குசராத் முதலிய மாநிலங்களில் பரவி, நாடெங்கும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை மாய்த்தது. கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும் இந்நோயைப் பரப்புகின்றன. ஒரே கறவையை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்க்கு அம்மாட்டின் இழப்பு எத்தகையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஈ எங்கே பிறக்கிறது? சாணமும் மூத்திரமும் ஊறிய வைக்கோலிலும், மாடு தின்று கழித்த தீவனம் அழுகிக் கிடக்கும் மூலையிலுமே. வெப்பக் காலத்தில் முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரங்களே போதும். ஆகவே நாள்தோறும் சாணத்தை வாருங்கள். மூத்திரம் தேங்காமல் வாய்க்கால் அமையுங்கள். வாரம் ஒருமுறையேனும் மூலைமுடுக்குகளைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். வாரிய கழிவைக் குழியிலிட்டு மண்ணால் மூடினால், மக்கும் சூட்டில் புழுக்கள் மடியும். நல்ல எருவும் கிடைக்கும்.

வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை மாட்டின்மீது பூசவேண்டாம். அந்நஞ்சு மாட்டைக் கொல்லவும் கூடும், பாலிலும் கலக்கக் கூடும். கால்நடை மருத்துவர் தரும் மருந்தையே பயன்படுத்துங்கள். தடுப்பூசியையும் தவறாது போட்டுக்கொள்ளுங்கள். உடலில் கழலை கண்ட மாட்டைத் தனியே கட்டுங்கள்.

இன்னும் ஒன்று. ஈக்கு வேலி கிடையாது. ஒரு வீட்டார் துப்புரவாக்கி, அடுத்த வீட்டார் குப்பையைக் குவித்துவைத்தால் பயனில்லை. தெருவார் கூடி வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளாத முதியவரின் தொழுவத்தை, அன்று இளைஞர்கள் முதலில் துப்புரவு செய்யட்டும்.