கீரை வந்தது, அக்கா போகவில்லை

“உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் போக்குவரத்து நெரிசல்.” காலை நிகழ்ச்சியில் நான் அதிகம் வாசித்த வரி இதுவாகத்தான் இருக்கும். 2020 மார்ச் 18ஆம் தேதி அதற்கு வேலையில்லாமல் போனது. கொவிட்-19 பரவலைத் தடுக்க மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடப்புக்குக் கொண்டுவர, கடற்பாலம் வெறிச்சோடியது.

பஃபளோ ரோட்டில் நான் காய்கறி வாங்கும் கடையில் ஓர் அக்கா வேலை செய்கிறார். வீடு ஜோகூர் பாருவில். தினமும் விடியுமுன் பேருந்து ஏறி வருபவர். முந்தைய நாள் ஒரு பையில் துணிமணியோடு வந்தவர், “ரெண்டு வாரந்தாம்மா” என்றார். வாரங்கள் மாதங்களாயின.

சரக்கு லாரிகளுக்குத் தடையில்லை. தினமும் அந்தப் பக்கத்திலிருந்து கீரை வந்தது. “கீரைக்கட்டு பாலத்தைத் தாண்டுது, என்னாலதான் முடியல” என்று சிரிப்பார். அந்த ஆண்டு அவருடைய மகள் வயதுக்கு வந்தாள். தாய் பார்த்தது கைப்பேசித் திரையில்தான். அன்று அவர் சிரிக்கவில்லை.

1924ல் திறக்கப்பட்ட பாலம் அது. 1965ல் இரண்டு நாடுகளானோம். 1967ல் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. தண்ணீர் விலையில் இரு அரசாங்கங்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் 1962 தண்ணீர் ஒப்பந்தம் 2061வரை நீடிக்கும். ஒப்பந்தங்கள் உறவைக் காப்பாற்றும், உண்மைதான். ஆனால் அந்த உறவைத் தினமும் சுமப்பவர்கள் அக்காவைப் போன்றவர்கள்.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி நில எல்லைகள் முழுமையாகத் திறந்த பிறகுதான் அவருடைய தினசரிப் பயணம் திரும்பியது. இப்போது கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கிறோம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றிச்செல்லக்கூடிய ஆர்டிஎஸ் ரயிலும் வருகிறது. பயண நேரம் குறைவது நல்லதுதான்.

ஆனால் என் கேள்வி வேறு. இன்னொரு நெருக்கடி வந்து கதவைச் சாத்த நேர்ந்தால், லாரிக்கு வழிவிட்டதுபோல் தாய்க்கும் வழிவைத்திருப்போமா? தனிமைப்படுத்தலுக்கான இடம், வீடு சென்றுவர முறைநாள் எல்லாம் இப்போதே இரு நாடுகளும் பேசி வைக்கவேண்டியவை.

போன வாரம் அக்காவிடம், “நெரிசல்னு நான் வாசிக்கும்போது எரிச்சலா இருக்குமா?” என்று கேட்டேன். வெண்டைக்காயை நிறுத்தபடியே சொன்னார்: “இல்லம்மா. பாலம் திறந்திருக்குன்னு அர்த்தம்.”