தகரத் துண்டும் தங்கப் புதையலும்

2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. அதே மாதம் கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு பவுண் மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேலே போயிற்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு பவுணுக்கு 222 பேர் போட வேண்டும். மாதம் 25 பேர் தவறாமல் விழுந்தாலும் ஒன்பது மாதம். அதுவும் அந்த ஒன்பது மாதமும் சோறு தின்னாமல் இருந்தால்.

தங்கத்தின் விலை இப்படி ஏறும்போதெல்லாம் மண்ணுக்குள் இருப்பதைப் பற்றிய பேச்சும் ஏறுகிறது. கண்டி மன்னன் புதைத்தது, இராவணன் விட்டுப் போனது, வெள்ளைக்காரத் துரை பங்களாவின் அடுப்படியில் ஒளித்து வைத்தது என்று மலையகத்தில் ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் இவை குளிர்காயும்போது பேசித் தீர்கிற கதைகளாக இருந்தன. இப்போது பெட்டிக்குள் அடங்கும் உலோகங்காட்டிக் கருவி வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் காணொளிகள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன.

மெல்பேர்னில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தார். டயகமவில் பிறந்தவர். மூன்று நண்பர்களோடு வந்து, தோட்டத்துக்குப் பக்கத்தில் தங்கி, நான்கு நாட்கள் கருவியோடு மலை ஏறுவது. ஆக்ரா ஓயாவில் தட்டு வைத்து மணல் அலசிப் பார்ப்பது. உள்ளூர்ப் பையன்கள் நான்கைந்து பேரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வது. சாப்பாட்டுச் செலவு முதல் வான் வாடகை வரை எழுதியிருந்தார். "அண்ணன், பொலிஸ் கிளியரன்ஸ் ஏதாவது தேவைப்படுமா?" என்பது கடைசி வரி. இப்படிக் கேட்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நண்பரின் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது விளங்குகிறது. அவர் வாழும் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் தேடுவது ஒரு விடுமுறைப் பொழுதுபோக்கு. சிறு கட்டணம் செலுத்தி அனுமதிப் பத்திரம் எடுத்தால், அனுமதிக்கப்பட்ட நிலத்தில் யாரும் கருவியோடு நடக்கலாம். கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டு போகலாம். 1980இல் அந்த மாநிலத்தின் கிங்கோவர் என்ற ஊருக்கு அருகே, சுமார் ஓர் அடி ஆழத்தில், 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டி ஒன்று இப்படித்தான் அகப்பட்டது. பின்னர் அதை அமெரிக்கச் சூதாட்ட விடுதி ஒன்று வாங்கிக் காட்சிக்கு வைத்தது. அங்கே வெண்கற்பாறை இடுக்குகளில் தங்கம் இருக்கிறது. மழை அதைக் கழுவிக் கீழே கொண்டுவருகிறது. கருவி கத்துவதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது.

டயகமவின் மண் அப்படிப்பட்டதன்று. நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை நிறுவ முயன்ற சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட தமது நூலில், அப்பகுதியில் தங்கத் துகள் கிடைத்ததையும் கண்டி அரசர் காலத்து இரத்தினக் குழிகளையும் பற்றி எழுதியிருக்கிறார். அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இலங்கையில் வணிக அளவில் தங்கம் எடுக்கும் சுரங்கம் ஒன்றேனும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துச் செய்த வெள்ளைத் துரைமார், தங்கம் இருந்திருந்தால் கோப்பியையும் தேயிலையையும் நட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இரத்தினக்கல் வேறு விடயம். பொகவந்தலாவையில் கெசெல்கமு ஓயாவின் கரைகளில் கல் இருப்பது உண்மை. அங்கே அனுமதியின்றி அகழ்வோர் பிடிபடும் செய்திகளை என் தொழில்வாழ்வில் எத்தனையோ முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். கல் கிடைக்கும் சரளை மண் படையைச் சிங்களத்தை ஒட்டி 'இல்லம்' என்கிறார்கள். சொந்தமாக ஓர் இல்லம் இல்லாதவன் ஆற்றுக்குள் இறங்கி இல்லம் தேடுகிறான் என்று ஒருமுறை தலைப்புப் போட்டேன். ஆசிரியர் வெட்டிவிட்டார். செய்திக்கு அத்தனை சொல்விளையாட்டு ஆகாது என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளைத் தேடும் நோக்கத்தோடு, தன் சொந்த நிலமாக இருந்தாலும்கூட, அனுமதிப் பத்திரம் இன்றி யாரும் அகழ முடியாது. நிலம் எவருடையதாயினும் கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள் அரசுக்கே சொந்தம். 1998இல் செய்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தங்கம் முதலான கனிமங்களைத் தேடுவதற்கு 1992ஆம் ஆண்டின் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். இரத்தினக்கல்லுக்குத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை. தேயிலைத் தோட்டக் காணி அரசுக்கு உரியது. குத்தகையில் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. டயகமவுக்கு மேலே ஏறினால் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் எல்லை. 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதியான அங்கே ஒரு கல்லைப் புரட்டுவதும் குற்றம். ஆகவே நண்பர் கேட்ட பொலிஸ் கிளியரன்ஸ் என்ற ஒற்றைக் கடதாசியில் முடிகிற காரியம் இல்லை இது. நான்கு அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கினாலும் சுற்றுலா வந்தவருக்கு எவரும் கையெழுத்திடப் போவதில்லை.

ஆயினும் என் எதிர்ப்பு சட்டத்தைப் பற்றியது மட்டும் அன்று. அந்த 'நான்கைந்து பையன்கள்' என்ற வரிதான் என்னை உறுத்தியது.

'புதையல் தோண்டிய அறுவர் கைது' என்ற செய்திக்கு ஒரு மாறாத வடிவம் உண்டு. நள்ளிரவு, பொலிஸாருக்குக் கிடைத்த இரகசியத் தகவல், மண்வெட்டி, அலவாங்கு, பூசைத் தட்டு, ஸ்கேனர் இயந்திரம். கைதானவர்களுள் வியாபாரிகளும் சீருடைக்காரர்களும் இருந்ததுண்டு. ஆனால், பணம் போட்டவன் பெரும்பாலும் குழியருகே நிற்பதில்லை என்பது செய்தி மேசையில் நான் கண்டது. குழிக்குள் நிற்பவன் கூலிக்கு வந்தவன். ஓர் இரவுக்கு ஐயாயிரம் ரூபா என்றால், பிரட்டுக்குப் போகாமல் மூன்று நாட்களுக்கு மேலான சம்பளம் கையில் வருகிறதே என்று நினைத்து வந்தவன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வழக்கறிஞரைப் பிடித்து, தூதரகத்தை அழைத்து, அபராதம் கட்டி விமானம் ஏறிவிடுவார். லயத்துப் பையனுக்கோ நீதிமன்றத் தவணைக்கு நுவரெலியா போய்வரும் பஸ் செலவே ஒரு நாட் சம்பளத்தைத் தின்றுவிடும். அவன் பெயரில் ஒரு வழக்கு ஏறினால் அரசாங்க வேலைக்கான விண்ணப்பமும் அங்கேயே முடிந்தது.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கொட்டிய மழையில் மலைநாடு நெடுகிலும் மண் சரிந்ததைக் கண்டோம். லயங்கள் மண்ணுக்குள் போயின. குடும்பம் குடும்பமாகப் பலர் மாண்டார்கள். சரிவான மலையில் கானை ஒழுங்காக வெட்டாவிட்டாலே மண் இளகும் என்பது எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். அங்கே இரவோடு இரவாக ஓர் ஆள் ஆழக் குழியைத் தோண்டி, மூடாமல் ஓடிவிட்டால், அடுத்த மழையின் நீர் எங்கே தேங்கும்? கீழ் வரிசை லயத்தில் படுத்திருப்பவர்களுக்கு யார் பொறுப்பு? ஆக்ரா ஓயாவைக் கலக்கினால், அந்த வண்டல் கொத்மலை ஓயா வழியாகத் தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில்தான் போய்ப் படியும்.

மண்ணுக்குள் பொருள் இருக்கிறது என்ற கதைக்கு எங்கள் சனங்கள் புதியவர்களும் அல்லர். கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கங்காணிமார் அவர்களைக் கூட்டிவந்தார்கள் என்பது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. நான் அறிந்த மட்டில் இந்த மலைகளில் சொல்லப்பட்ட முதலாவது புதையல் கதை அதுதான். இருநூறு ஆண்டுகளாகத் தூரைக் கிளறுகிறார்கள்.

சரி, கருவியோடு ஒருவர் டயகமவில் உண்மையிலேயே நடந்தால் என்ன அகப்படும்? முதலில் ஆணி. பிறகு கூரைத் தகரத்தின் துருப்பிடித்த துண்டுகள், முறிந்த கவ்வாத்துக் கத்தி, லாடம், போத்தல் மூடி. இரும்புச் சத்து மிகுந்த செம்மண் என்றால் ஒன்றும் இல்லாத இடத்திலும் கருவி கத்தும். நாணயம் போன்ற சிறு பொருளை இத்தகைய கருவிகள் ஓர் அடி ஆழத்துக்குக் கீழே கண்டுபிடிப்பது அரிது. ஏழு ஆள் ஆழத்துப் புதையல் என்பதெல்லாம் மந்திரவாதியின் கணக்கு.

ஆனால் அந்த ஓர் அடிக்குள், பழைய லயத்து வாசலிலோ கானோரத்திலோ, ஒரு பொருள் இருக்கக்கூடும். சிறிய, வட்டமான தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவருவதற்காக ஏற்படுத்தப்பட்ட முறை அது. எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதைக் குறிக்கும் அடையாளமும் இலக்கமும் பொறித்த வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுவிடுவார்கள். வழிச்செலவு அந்த இலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். ஆளின் பெயர் அதில் இல்லை. படிக்கத் தெரியாத ஒருவர் தன் சொந்த ஊரிலிருந்து இந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சான்று பல குடும்பங்களில் அதுவாகத்தான் இருந்திருக்கும். 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்களிடம், திருமணமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று கேட்டபோது, எத்தனை பேர் வெறுங்கையோடு நின்றார்கள்! கங்காணிக் கடனோடு ஆளை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்ற உதவிய 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அது கடதாசி, மக்கிப்போயிருக்கும். தகரம் இன்னும் எங்காவது கிடக்கலாம்.

இங்கேதான் சட்டத்தின் விநோதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்பதற்கு ஒரு தேதியை எல்லையாக வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள். அதற்கு முற்பட்டதே தொல்பொருள். கோப்பித் தோட்டங்களுக்கு எங்கள் சனங்கள் வரத் தொடங்கியது 1820களில். ஆக, சட்டத்தின் கண்ணில் மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் எல்லைக்கு வெளியே நிற்கிறது. மன்னனின் செப்புக் காசைத் தோண்டினால் சிறை. கொள்ளுப்பாட்டியின் கழுத்து வில்லையைத் தோண்டிப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போட்டால் இந்தச் சட்டம் கேட்காது. நூறாண்டு கடந்த ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்க அமைச்சருக்கு அதே சட்டத்தில் அதிகாரம் உண்டு. பங்களாவைக் காப்பாற்ற அது உதவும். மண்ணில் கிடக்கும் வில்லைக்கு உதவாது.

ஹந்தானையில் 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. இயந்திரங்களைப் பார்க்க விரும்புவோர் போகலாம். தொழிலாளரின் வாழ்வைப் பார்க்க வேண்டுமென்றால், கம்பளைக்கு அப்பால் பழைய லயம் ஒன்றிலேயே சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஒரு தன்னார்வ நிறுவனத்தின் முயற்சி அது. அரசு செய்திருக்க வேண்டிய வேலை.

புதிய தனிவீடுகள் எழும் இடங்களில் லயங்கள் இடிக்கப்படுகின்றன. இடிக்கட்டும்; அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இன்னொரு தலைமுறை பிறக்க வேண்டியதில்லை. ஆனால் இடிக்கும் நாளில் அத்திவாரமும் வாசலும் புரளும்போது, யாராவது ஒருவர் அங்கே குறிப்பேட்டோடு நிற்க வேண்டாமா? பேராதனைப் பல்கலைக்கழகம் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. தொழிற்சங்கங்களிடம் கட்டடமும் வாகனமும் இருக்கின்றன; இத்தனை ஆண்டுச் சந்தாப் பணத்தில் ஓர் அலுமாரி வாங்க முடியாமல் இல்லை. இங்கிலாந்தில் 1997 முதல், கருவியோடு வயலில் நடப்பவர்கள் தாம் கண்டெடுத்ததை அதிகாரியிடம் காட்டிப் பதிவுசெய்யும் ஏற்பாடு இயங்கி வருகிறது. ஆணியும் பொத்தானும்கூடப் பதிவாகின்றன. எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆழத்தில், அருகே என்ன இருந்தது என்று எழுதி வைக்கிறார்கள். அந்த மூன்று விவரமும் இல்லாவிட்டால் வில்லை வெறும் தகரம்தான்.

மெல்பேர்ன் நண்பருக்கு எழுதிய பதிலில், கருவியை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன். நான்கு நாட்களுக்கு ஒதுக்கிய பணத்தில் டயகம கிழக்கு, மேற்குப் பிரிவுகளில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமாரை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவுசெய்யலாம். அதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை. அவர்களுடைய டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த வில்லை இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, பெட்டியிலேயே திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறேன். தேதியைப் பற்றி, அதாவது அந்த 1815ஐப் பற்றி, நாடாளுமன்றத்தில் இருக்கும் மலையக உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் அனுப்புகிறேன். பதில் வருகிறவர்களின் பெயரையும் வராதவர்களின் பெயரையும் இங்கேயே வெளியிடுவேன்.