மூன்றேகால் ஜிபி
சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. "நாலு ஜிபி ராம் போட்டேன், மூணேகால்தான் காட்டுது, ஏமாத்திட்டீங்களே அண்ணே" என்று ஒரு தம்பி கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றார். பாவம், கடைக்காரர் ஏமாற்றவில்லை. பழைய 32 பிட் விண்டோஸுக்கு முகவரிகளே 4 ஜிபி வரைதான். அதன் மேல்பகுதியைக் கிராபிக்ஸ் கார்டு போன்றவை பிடித்துக்கொள்ள, அங்கே இருக்கவேண்டிய ராம் கண்ணில் படாது. கார்டுகளுக்கு முகவரிகளைப் பங்கிடும் விதம்தான் எனக்குப் பிடித்தது. பிசிஐ கார்டின் முகவரிப் பதிவேட்டில் ஃபர்ம்வேர் எல்லா பிட்டிலும் 1 எழுதித் திரும்பப் படிக்கும். மாற மறுத்து 0 ஆகவே நிற்கும் பிட்டுகள் தேவையான இடத்தின் அளவைச் சொல்லிவிடும். 256 எம்பி கேட்கும் கார்டை 256 எம்பியின் மடங்கில் வரும் முகவரியில்தான் குடியமர்த்த முடியும். சிப்காட் தொழிற்பேட்டையில் துண்டு துண்டாக மனை காலியிருந்தும் பெரிய ஆலைக்கு ஒதுக்க முடியாத கதை இங்கேயும் நடக்கும். அப்போது, கணினியில் ஓடுவது லினக்ஸ் என்றால், அதன் கெர்னல் 'இடமில்லை' என்று பதிந்துவிட்டு நகர்ந்துவிடும். உடனே பூட் வரியில் 'பிசிஐ=ரீஅலாக்' சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி பங்கிடச் சொல்பவர்கள் அதிகம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஃபர்ம்வேர் தந்த முகவரியை நம்பி வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். அதிலும் ஓர் ஆலையின் உற்பத்தி வரிசையில் நிற்கும் கணினி என்றால், முதலில் முகவரிகளின் பங்கீட்டைக் காட்டும் ஐஓமெம் கோப்பைத் திறந்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அடுத்து, 64 பிட் கார்டுகளை 4 ஜிபிக்கு மேலே அனுப்பும் வசதி பயாஸில் அணைந்து கிடக்கிறதா என்று. பல சமயம் அணைந்துதான் கிடக்கிறது.