தெரிந்தவர் என்பது உரிமம் ஆகாது!



"நம்ம காஹாங்ல யாருக்கு யாரைத் தெரியாது, சார்?" இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பிள்ளையைக் குளுவாங்கில் உள்ள டியூசன் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். உடனே வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. சற்று நேரத்தில் வாசலில் ஒரு மகிழுந்து. ஓட்டுபவர் யார்? "நம்ம ஆள்தான்." பொதுச் சேவை ஓட்டுநர் உரிமம் உண்டா? "அதெல்லாம் எதுக்கு சார், கிராப் விலையில பாதிதான் கேக்குறாரு."

மலிவு என்பதற்காகவும் தெரிந்தவர் என்பதற்காகவும் நாம் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒருமுறையாவது எண்ணிப் பார்த்தோமா?

நம் நாட்டில் செயலிவழி வாடகை மகிழுந்துச் சேவையை முறைப்படுத்தும் சட்டத் திருத்தங்கள் 2017இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2018 ஜூலையில் நடப்புக்கு வந்தன. ஓட்டுநருக்குப் பி.எஸ்.வி. உரிமம் கட்டாயம் என்னும் விதி 2019 அக்டோபரில் முழுமையாக அமலாக்கப்பட்டது. அவ்வுரிமத்தைப் பெறப் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சோதனை ஆகியவற்றைக் கடக்க வேண்டும். வாகனத்துக்கும் பரிசோதனை உண்டு. வாடகைப் பயணத்துக்கு உரிய காப்புறுதியும் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அழைத்த 'சாப்பு' வண்டிக்கு இவற்றில் எது இருக்கிறது? சொந்தப் பயன்பாட்டுக்காக எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஆள் ஏற்றுவதை உள்ளடக்குவதில்லை. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, கன லாரிகள் ஓடும் மெர்சிங் சாலையில் அவ்வண்டி விபத்துக்குள்ளானால், காயமடைந்த பிள்ளையின் செலவுக்கு 'நம்ம ஆள்' பொறுப்பேற்பாரா? நல்லவராகவே இருக்கட்டும், நல்ல மனம் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டிவிடுமா?

"செயலியில் வரும் ஓட்டுநர் மட்டும் யோக்கியரா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. 2014 டிசம்பரில் டில்லியில் ஊபர் வண்டியில் ஏறிய ஓர் இளம்பெண், அவ்வோட்டுநராலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவன்மீது முன்னரே பாலியல் குற்றச்சாட்டு இருந்ததும், அவன் காட்டிய நன்னடத்தைச் சான்றிதழ் போலியானது என்பதும் பின்னரே வெளிவந்தன. 2015 நவம்பரில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? சோதனை பெயரளவில் நின்றால் உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து என்பதுதானே? அப்படியிருக்க, சோதனையே இல்லாத வண்டியில் பிள்ளையை ஏற்றிவிடுவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது ஆகாதா?

இன்னொரு நிகழ்வையும் சொல்கிறேன். 2019 மார்ச்சில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், 21 வயதுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தாம் அழைத்த ஊபர் வண்டி என்று எண்ணி வேறொரு மகிழுந்தில் ஏறினார். பின்கதவுகளில் குழந்தைப் பூட்டு போடப்பட்டிருந்தது; உள்ளிருந்து திறக்க இயலவில்லை. அவர் கொல்லப்பட்டார். அம்மாநிலம் அவ்வாண்டே, செயலி வாகனங்கள் முன்புறத்திலும் பதிவெண்ணைக் காட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மகளை இழந்த பெற்றோரோ, 'என் பெயர் என்ன?' என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள் எனப் பரப்புரை செய்யத் தொடங்கினர். எத்துணை எளிய கேள்வி! அழைத்தவரின் பெயர் உண்மையான ஓட்டுநரின் திரையில் இருக்கும், வேற்றாளுக்குத் தெரியாது.

இங்கே இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பாதுகாப்பு என்றாலே பெண்பிள்ளைகளை அழைத்து, "இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடு, உடையைக் கவனி" என்று அறிவுரை சொல்லி முடித்துக்கொள்கிறோம். உடையைப் பற்றிப் பேசியவர்கள் பதிவெண்ணைப் பற்றி ஒரு சொல்லாவது பேசினார்களா? ஆண்பிள்ளைக்கு ஆபத்து வராது என்று யார் எழுதிக் கொடுத்தது? குற்றவாளியின் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டும் இந்தப் பழக்கத்தை முதலில் விட்டொழிப்போம். சொல்லித்தர வேண்டியவை இவையே:

1. வண்டியின் பதிவெண், நிறம், வகை, ஓட்டுநர் முகம் ஆகிய நான்கும் செயலியில் உள்ளபடி இருந்தால் மட்டுமே ஏறுக. ஒன்று மாறினாலும் ஏறாதே.
2. உன் பெயரை நீயாகச் சொல்லாதே. ஓட்டுநரைச் சொல்லச் செய்.
3. பின்னிருக்கையில் அமர்க. அமருமுன் குழந்தைப் பூட்டைச் சோதித்துக்கொள். இருக்கைவாரை அணிக, 2009 முதல் பின்னிருக்கைக்கும் அது கட்டாயம்.
4. பயண விவரத்தை வீட்டாருக்கு அனுப்பு. தோட்டப்புறங்களில் கைப்பேசி அலைவரிசை விட்டுவிட்டு வரும். ஆகவே வண்டி புறப்படுமுன்னரே பதிவெண்ணையும் சேரும் நேரத்தையும் சொல்லிவிடு.
5. "செயலியில் ரத்து செய், கையில் கொடு" என்று ஓட்டுநர் கேட்டால் இறங்கிவிடு. ரத்து செய்தபின் உன் பயணம் செயலியில் பதிவாகாது.
6. அச்சம் தோன்றினால் மரியாதை பார்க்காதே. ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்தச் சொல், 999க்கு அழை.

தொடக்கப்பள்ளி மாணவரைத் தனியே எந்த வாடகை வண்டியிலும் அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆறு விதிகளையும் ஒப்பித்தாலும் ஒன்பது வயதுக் குழந்தையால் ஒரு வளர்ந்த ஆளை எதிர்த்து நிற்க இயலாது.

"காஹாங்குக்குச் செயலி வண்டி எளிதில் வருவதில்லையே, நாங்கள் என்ன செய்வது?" என்பது உண்மையான குறை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு உரிமமற்ற வண்டியா? பெற்றோர் ஆசிரியர் சங்கம் நினைத்தால், இவ்வட்டாரத்தில் முறையான உரிமமும் காப்புறுதியும் உள்ள ஓட்டுநர்களின் பட்டியலைத் திரட்டலாம். ஆண்டுதோறும் ஆவணங்களைச் சரிபார்க்கலாம். வண்டி வைத்திருக்கும் நம் இளைஞர்களை, "தம்பி, உரிமம் எடு, எங்கள் பிள்ளைகளை உன் வண்டியிலேயே அனுப்புகிறோம்" என்று ஊக்குவிக்கலாம். அவர்களுக்கும் அது நேர்மையான பிழைப்பு. நல்ல ஓட்டுநர் எவரும் ஆவணம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவர் வண்டியில் நம் பிள்ளை ஏற வேண்டியதில்லை.

பள்ளிப் போட்டிகளுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்களே, இது நமக்கும் பொருந்தும். அவசரத்துக்கு யாரோ ஒருவரின் வண்டியில் நான்கு பேரை ஏற்றி அனுப்புமுன், அந்நால்வரின் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வோம் என்று எண்ணுவோம்.

கோழிக்கடையில் எடைக்கல்லைச் சரிபார்க்கும் நாம், பிள்ளை ஏறும் வண்டியைச் சரிபார்க்கத் தயங்கலாமா? அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதைப் பேசுவோம். வருமுன் காப்போம்.