வாவிக்கரை வழக்கு

வியாபாரச் சட்டம் என்றதும், எங்கள் வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்து வர்த்தக முகாமைத்துவ பீடத்திற் பயிலும் பிள்ளைகளுக்கு, மாற்றுண்டியலும் பங்காண்மையும், பரீட்சைக்கு முதல்நாள் மனனஞ் செய்யும் சில ஆங்கில வழக்குகளுமே நினைவில் எழும். ஆனால், அந்நிய முதலையும் அதனை வரவேற்கும் அரசையும் பிணிக்கும் சட்டத்தையே தம் வாழ்நாட் பணியாக வரித்துக்கொண்டு, தாஸ்மேனியாவிலும் பின்னர் நெடுங்காலம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் போதித்த இலங்கைத் தமிழர், பேராசிரியர் முத்துக்குமாரசுவாமி சொர்ணராஜா அவர்களின் துறையிலே புகுவோர், முதலிற் சந்திக்க வேண்டியது மட்டக்களப்பு வாவிக்கரை இறால் பண்ணையொன்றின் கதையையே.

1987 ஜனவரி 28இல், படுவான்கரையிலே அரச படையினர் நடத்திய நடவடிக்கையின்போது அப்பண்ணை நாசமாயிற்று. அதில் ஏறத்தாழச் சரிபாதிப் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கொம்பனி, இலங்கை அரசோடு தனக்கென்று யாதோர் ஒப்பந்தமும் இல்லாதிருந்தும், பிரித்தானியாவும் இலங்கையும் 1980இற் செய்த முதலீட்டு உடன்படிக்கையையே ஆதாரமாகக் கொண்டு, வாஷிங்டனிலுள்ள சர்வதேச நடுத்தீர்ப்பு நிலையத்தை நாடிற்று. அவ்வாறு உடன்படிக்கையொன்றை மாத்திரம் பற்றி அங்கே தீர்க்கப்பட்ட முதல் வழக்கு இதுவே. கிளர்ச்சியாளரோடு தொடர்புடையோரெனச் சந்தேகிக்கப்பட்ட ஊழியரைச் சமாதானமாக விலக்க வழியிருந்தும் அரசு அதனை நாடவில்லை என்று கண்ட நடுவர் பெரும்பான்மையினர், 80 இலட்சம் டொலருக்கு மேற் கேட்ட கொம்பனிக்கு, 1990 ஜூனில், 4,60,000 டொலரும் வட்டியும் விதித்தனர், ஒருவர் மாறுபட்டார்.

இந்த வாயிலினூடாகப் பின்னர் நூற்றுக்கணக்கான வழக்குகள் நுழைந்தன. அரசுகள் கொடுத்த சம்மதத்துக்கு அப்பாலும் நடுவர்கள் தம் அதிகாரத்தை விரித்துக்கொள்கின்றனர், அதன் சுமை வறிய தேசங்களின் தலையில் விழுகின்றது என்பதே, 1994இற் கேம்பிரிட்ஜ் வெளியிட்டு இதுவரை ஐந்து பதிப்புக்கள் கண்ட தம் பெருநூல் தொடக்கமாகப் பேராசிரியர் ஓயாது நிகழ்த்திவரும் வாதம். அவரைப் பட்சபாதி என்பாரும் உளர். அது குற்றமென்று எனக்குத் தோன்றவில்லை, முதலாளி பக்கத்து அறிஞர்களுக்குப் பஞ்சமில்லையாதலால்.

எனினும், சிறிய அரசின் இறைமைக்காக அவர் எழுதுவதை மதிப்போடு வாசிக்கும் நான், இவ்வொரு வழக்கிலே மாத்திரம் அரசின் பக்கம் சேர மாட்டாது தயங்குகின்றேன். இருபதுக்கு மேற்பட்ட ஊழியர் அங்கே கொல்லப்பட்டனரென்று கொம்பனியே முறையிட்டிருந்தது. உடன்படிக்கை காத்ததோ முதலீட்டை. ஆகவே தீர்ப்புப் பணம் பங்குதாரருக்கு உரியதாயிற்று, அவ்வூழியரின் குடும்பங்கள் அவ்வழக்கிலே கட்சிக்காரராகவும் இருக்கவில்லை.