எதுகை கிடைத்தது, பொருள்?

பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் மாலை, உத்தமபாளையத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு பையன் வந்தான். என்னிடம் பதினோராம் வகுப்பில் படிக்கிறவன். கையில் நான்காய் மடித்த காகிதம். "ஐயா, முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிப் பாட்டு எழுதியிருக்கிறேன். ஆண்டு விழாவில் வாசிக்கலாமா, பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றான்.

விருத்தம் நான்கு. ஓசையில் குற்றம் சொல்ல இடமில்லை. அணை, துணை, இணை, கணை, பணை என்று எதுகைகள் அணிவகுத்து நின்றன.

"பணை என்றால் என்ன, தம்பி?"

தலையைச் சொறிந்தான். "அகராதியில் இருந்தது, ஐயா."

எந்த அகராதி என்று விசாரித்தேன். தாத்தாவின் பெட்டியில் கிடந்த, அட்டை போன சதுரகராதியாம்! இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த நூல். பெயர், பொருள், தொகை, தொடை என்று அதற்கு நான்கு பகுதிகள். நான்காவது பகுதி, பாட்டுக் கட்டுவோருக்கு எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவது. பையன் மற்ற மூன்றையும் தாண்டி நேரே அங்கே போய் இறங்கிவிட்டான்.

அவனைக் கோபிக்க எனக்கு யோக்கியதை ஏது? இருபது வருஷங்களுக்கு முன் சின்னமனூரில் நடந்த உறவினர் கல்யாணத்துக்கு அடியேன் ஒரு வாழ்த்துப்பா இயற்றினேன். 'ஆழம்' என்ற சொல்லுக்கு எதுகை தேடி, மாப்பிள்ளையை 'வேழம்' என்று பாடி வைத்தேன். கரும்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. நான் நினைத்தது அதைத்தான். மாப்பிள்ளையோ சற்றே பருத்த சரீரம். பந்தியில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைப் பாருங்கள். முழுவதும் விருத்தம். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் பதினோராம் தொகுதியில் சொற்களையே எதுகை வரிசையில்தான் அடுக்கியிருக்கிறார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டார்கள். யாப்பும் எதுகையும் இருந்தால் கவிதை என்றால், தமிழிலே பெரிய கவிஞர் நிகண்டுகாரர் என்றல்லவா ஆகும்? அவரே அப்படிச் சொல்லிக்கொள்ளமாட்டார். மறுபுறம், பெரியகுளத்தில் பிறந்த மு. மேத்தாவும், போடி மீனாட்சிபுரத்து நா. காமராசனும் புதுக்கவிதையில் பேர் வாங்கினார்கள். எதுகையை விட்டவர்கள் எல்லாரும் மேத்தா ஆகிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்; அது வேறு கதை.

பையனை உட்காரவைத்து அகராதியைப் புரட்டினோம். பணை என்றால் மூங்கில், முரசு, பருமை, வயல் சூழ்ந்த மருத நிலம். மலையிலே மூங்கில், கீழே நெல் வயல்! நம் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு சொல் சுருட்டி வைத்திருந்தது. பையன் வாய் பிளந்தான். எதுகைக்காகப் போனவன் பொருளிலே விழுந்தான். பழைய அகராதிகளை நான் நேசிப்பது இதற்காகத்தான்.

"சரி, அணையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்றேன். 1895, பென்னிகுயிக், 14,707 ஏக்கர் இருபோகம் என்று பாடம் ஒப்பித்தான். "அது புத்தகம். உன் வீட்டில்?"

சற்றுத் தயங்கினான். ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கமல்லவா? மழை பொய்த்த வருஷங்களில் தேதி தள்ளிப் போகும். அந்த நாட்களில் அவன் தகப்பனார் வீட்டுக்குள் படுப்பதில்லையாம். வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் தவறிப்போகுமோ என்று வாசலிலேயே கிடப்பாராம்.

"இதை ஏன் எழுதவில்லை?"

"எழுதினேன், ஐயா. எதுகை அமையவில்லை. அடித்துவிட்டேன்."

காகிதத்தைத் திருப்பினான். பின்பக்கத்தில், மைக் கோட்டுக்கு அடியில், அந்த இரண்டு வரிகள் இருந்தன. முன்பக்கத்து நான்கு விருத்தங்களையும் அவற்றுக்கு ஈடாகக் கொடுக்கலாம். என் வாழ்த்துப்பாவையும் சேர்த்துத்தான். அவனிடம் அப்படியே சொன்னேன்.

ஆண்டு விழாவில் அவற்றைத்தான் வாசிப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறான். போகும்போது மேஜைமேல் இருந்த என் அகராதியையும் இரவல் வாங்கிக்கொண்டான். தமிழ் லெக்சிகனின் முதல் தொகுதி. இன்னும் திரும்பி வரவில்லை.