கீமோவுக்குப் பிறகு மறதி... டெஸ்ட் 'நார்மல்', நோயாளி 'இல்லை' என்கிறார்: எதை நம்புவது?

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோதெரபி முடித்து, மீண்டும் வேலைக்குப் போகும் ஒரு பெண். கணக்குத் துறையில் 15 வருட அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு போன் பேசிக்கொண்டே எக்ஸெல் ஷீட்டைச் சரிபார்த்தவர், இப்போது ஒரே மெயிலை மூன்று முறை படிக்கிறார். மீட்டிங்கில் சொல்ல வந்த வார்த்தை தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. டாக்டரிடம் சொல்கிறார். நினைவாற்றல் டெஸ்ட் எடுக்கிறார்கள். ரிசல்ட்: நார்மல். "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

புற்றுநோய் சிகிச்சை உலகில் பல வருடங்களாகத் தொடரும் சிக்கல் இது. நோயாளிகள் இதற்கு வைத்த பெயர் 'கீமோ பிரெய்ன்'. ஆய்வாளர்கள் முதலில் கேட்டது, இது உண்மையா என்று. இப்போது அந்தக் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது: நோயாளி சொல்வதை எப்படி அளப்பது, அளந்து வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

சொல்வதை எண்ணாக மாற்றுவது எப்படி?

இதற்காகவே உருவாக்கப்பட்ட கேள்வித்தாள்களில் அதிகம் பயன்படுவது 'ஃபேக்ட்-காக்'. மொத்தம் 37 கேள்விகள். கடந்த 7 நாள்களில் வார்த்தை தேடித் தடுமாறினீர்களா, செய்துகொண்டிருந்த வேலை பாதியில் மறந்ததா, யோசிப்பது மெதுவானதா என்ற ரீதியில் போகும். பதில் 'இல்லவே இல்லை' என்பதில் தொடங்கி 'ஒரு நாளைக்குப் பல முறை' வரை ஐந்து படிகள். இதைத் தவிர, உங்கள் தடுமாற்றத்தை மற்றவர்கள் கவனித்துச் சொன்னார்களா, இது உங்கள் வாழ்க்கையைப் பாதிக்கிறதா என்றும் தனியாகக் கேட்கிறது.

இதில் ஆய்வுகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது, 'நான் உணரும் குறைபாடு' என்ற பகுதியை மட்டும். மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வருபவை 18 கேள்விகள், அதிகபட்சம் 72. இங்கே ஒரு குழப்பம் உண்டு: மதிப்பெண் அதிகம் என்றால் நல்லது. குறையக் குறையப் பிரச்னை.

இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் உருவாகி உலகம் முழுக்கப் பயன்படும் 'ஈஓஆர்டிசி கியூஎல்கியூ-சி30' என்ற வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் இருக்கிறது. அதன் 30 கேள்விகளில் மூளைத்திறனுக்கு ஒதுக்கியது இரண்டே இரண்டுதான். ஒன்று கவனம் பற்றியது, இன்னொன்று நினைவு பற்றியது. மருந்து ஆய்வில் இதை மட்டும் வைத்துக்கொண்டு 'மூளைத்திறனில் மாற்றம் இல்லை' என்று எழுதினால், இரண்டு கேள்விகளின் பலத்தில்தான் அந்த வரி நிற்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டெஸ்ட் ஏன் ஒத்துப்போவதில்லை?

புற்றுநோயும் மூளைத்திறனும் பற்றி ஆராயும் சர்வதேசக் குழு ஒன்று 2011-ல் சில டெஸ்ட்களைப் பரிந்துரைத்தது. வார்த்தைப் பட்டியலைக் கேட்டுத் திரும்பச் சொல்வது, எண்களையும் எழுத்துகளையும் வரிசையாகக் கோடிட்டு இணைப்பது, ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைக் குறித்த நேரத்தில் அடுக்குவது. நல்ல டெஸ்ட்கள்தான். ஆனால் கேள்வித்தாளில் வரும் விடையும் இவற்றில் வரும் விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். டெஸ்ட் நடப்பது அமைதியான அறையில். ஒரு நேரத்தில் ஒரு வேலை. எதிரே ஒருவர் அமர்ந்து "இப்ப இதைச் செய்யுங்க" என்று சொல்கிறார். வாட்ஸ்அப் வராது, குழந்தை அழாது, மேனேஜர் கூப்பிட மாட்டார். அப்படி ஒரு மணி நேரம் முழு மூச்சாக முயன்றால் பலரால் நன்றாகச் செய்துவிட முடியும். அதற்குப் பிறகு மாலை வரை படுத்துக் கிடப்பது டெஸ்ட் தாளில் பதிவாகாது.

அடுத்த விஷயம், 'நார்மல்' என்பது யாருடைய நார்மல்? டெஸ்ட் உங்களை உங்கள் வயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது. சராசரிக்கு மேலே இருந்த ஒருவர் சராசரிக்கு இறங்கினாலும் 'நார்மல்'தான். ஆனால் அவர் ஒப்பிடுவது போன வருடத்துத் தன்னோடு. சிகிச்சைக்கு முன்பு எடுத்த டெஸ்ட் கையில் இல்லாவிட்டால் இந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது. அப்படியே இருந்தாலும், ஒரே டெஸ்ட்டை இரண்டாம் முறை எழுதும்போது பழக்கத்தால் மதிப்பெண் கொஞ்சம் கூடும். உண்மையான இறக்கத்தை அதுவும் மறைக்கும்.

2007-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு இந்த இடத்தில் சுவாரஸ்யமானது. ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரிகள். ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்தவர், மற்றவருக்கு நோய் இல்லை. டெஸ்ட்களில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேள்வித்தாளில் கீமோ எடுத்தவர் சொன்ன பிரச்னைகள் மிக அதிகம். ஸ்கேனுக்குள் படுக்கவைத்து நினைவு சார்ந்த வேலை கொடுத்தபோது, அதே வேலைக்கு அவர் மூளையில் அதிகப் பகுதிகள் இயங்கின. அதாவது, விடை ஒன்றுதான்; அதற்குக் கொடுத்த உழைப்பு வேறு. ஒரே ஒரு ஜோடியை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் 'டெஸ்ட் நார்மல், ஆகவே எல்லாம் உங்கள் கற்பனை' என்ற வாதத்தில் ஓட்டை எங்கே என்று காட்ட அது போதும்.

சரி, அப்போ நோயாளி சொல்வதையே நம்பிவிடலாமா?

அங்கேயும் சிக்கல் இருக்கிறது. கேள்வித்தாள் மதிப்பெண், டெஸ்ட்டோடு ஒத்துப்போவதைவிடச் சோர்வு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்று ஆய்வுக்கு ஆய்வு வருகிறது. இரவு தூக்கமில்லாதவருக்கும் மறதி வரும். ரத்தசோகை உள்ளவருக்கும் வரும். புற்றுநோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் இருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம்.

நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று இன்னும் சங்கடமானது. கேள்வித்தாளைக் கொடுப்பதற்கு முன்பு, கீமோவால் மறதி வரலாம் என்ற தகவலைச் சிலருக்கு மட்டும் சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் அதிகப் பிரச்னைகளைக் குறித்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. எல்லோரும் அவ்வப்போது சாவியைத் தேடுகிறவர்கள்தான். காரணம் ஒன்று கையில் கிடைத்தால் ஒவ்வொரு தேடலும் கணக்கில் ஏறும். அதற்காக நோயாளியிடம் பக்கவிளைவை மறைக்கவும் முடியாது.

ஆக, ஒருவரின் மதிப்பெண்ணை ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு, 'இது கீமோவால் வந்தது' என்று சொல்ல அந்த எண்ணால் முடியாது. ஆனால் சிகிச்சைக்கு முன்பே ஒரு முறை, பிறகு பல முறை, கூடவே ஒப்பிட ஒரு குழு என்று எடுத்தால் கதை மாறுகிறது.

அமெரிக்காவில் 581 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளையும் நோயில்லாத 364 பெண்களையும் அப்படித் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. கீமோவுக்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால், கீமோ முடிந்து 6 மாதங்களுக்குப் பிறகும் 36.5% நோயாளிகளிடம் ஃபேக்ட்-காக் மதிப்பெண் கவனிக்கத்தக்க அளவு இறங்கியிருந்தது. நோயில்லாதவர்களிடம் அது 13.6%. (நோயே இல்லாமல் இத்தனை பேருக்கு இறங்கியிருக்கிறதே என்பதையும் கவனியுங்கள். ஒப்பீட்டுக் குழு எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.)

குற்றவாளி கீமோ மட்டும்தானா?

இதற்குக் கிடைத்த நல்ல பதில், 'டெய்லர்-எக்ஸ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு கிளையிலிருந்து வந்தது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில், கட்டியின் மரபணுப் பரிசோதனை நடுத்தர ஆபத்து காட்டினால் கீமோ தேவையா என்பதுதான் முதன்மை ஆய்வின் கேள்வி. அதற்காகப் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், இன்னொன்றுக்கு கீமோவும் ஹார்மோன் சிகிச்சையும். யாருக்கு எது என்பதை நோயாளியின் நிலையோ டாக்டரின் விருப்பமோ முடிவு செய்யவில்லை. அதனால், இரண்டு குழுக்களுக்கும் இடையே வரும் வித்தியாசத்தை கீமோவின் கணக்கில் எழுதலாம்.

இவர்களில் 552 பேரின் ஃபேக்ட்-காக் விவரம் 2020-ல் வெளியானது. 3-வது மாதத்திலும் 6-வது மாதத்திலும் கீமோ எடுத்தவர்களின் மதிப்பெண் அதிகமாகச் சரிந்திருந்தது. கீமோ பிரெய்ன் என்று நோயாளிகள் சொன்னது சும்மா இல்லை என்று இதைப் படிக்கலாம். ஆனால் 12-வது மாதத்துக்கு வந்தபோது இரண்டு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் மறைந்துவிட்டது. 24, 36 மாதங்களிலும் அப்படியே.

'ஒரு வருடத்தில் சரியாகிவிடும்' என்று தலைப்பு போட இது வசதியான செய்தி. ஆனால் அது தவறான வாசிப்பு. 36 மாதங்கள் கழித்தும் இரண்டு குழுக்களுமே தொடக்க நிலையைவிடக் கீழேதான் இருந்தன. கீமோவே எடுக்காதவர்களும்கூட. ஹார்மோன் மாத்திரையா, நோயைக் கேள்விப்பட்ட அதிர்ச்சியா, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சுமா, மூன்று வருட வயதா? எந்தச் சிகிச்சையும் இல்லாத ஒரு குழு இந்த ஆய்வில் கிடையாது, அதனால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. 'நீங்கதான் கீமோ எடுக்கலையே, மறதி எப்படி வரும்?' என்று கேட்பதற்கு இனி இடமில்லை என்பது மட்டும் தெளிவு. ஹார்மோன் மாத்திரையைப் பொதுவாக 5 வருடமாவது சாப்பிட வேண்டும் என்பதால், அதைச் சாப்பிடும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எத்தனை மதிப்பெண் இறங்கினால் கவலை?

72-க்கு 54-ஐவிடக் குறைவு என்றால் கவனிக்க வேண்டும் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். இது அடுத்த கட்டப் பரிசோதனைக்கு யாரை அனுப்பலாம் என்று பிரிக்க உதவும் கோடு; நோய் உண்டு, இல்லை என்று சொல்லும் தீர்ப்பு கிடையாது. சிங்கப்பூரில் 2014-ல் வேறு மாதிரி பார்த்தார்கள்: முழுக் கேள்வித்தாளின் மதிப்பெண்ணில் 6.9 முதல் 10.6 வரை மாறினால்தான் நோயாளிக்கே அது தெரியும் அளவிலான மாற்றம் என்றார்கள். அதற்குக் குறைவான ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கும்போதும் இதே இழுபறி வருகிறது. ஆஸ்திரேலியாவில் கீமோ முடித்த 242 பேரை வைத்து, வீட்டிலேயே கம்ப்யூட்டரில் செய்யும் 15 வார மூளைப் பயிற்சியைச் சோதித்தார்கள். பயிற்சி எடுத்தவர்கள் சொன்ன பிரச்னைகள் குறைந்தன. 6 மாதங்களுக்குப் பிறகும் அந்தப் பலன் நின்றது. டெஸ்ட் மதிப்பெண்ணில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சி எடுப்பது யார் என்று நோயாளிக்கே தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கும் இதில் இருக்கலாம். இருந்தாலும், 'என் அன்றாடம் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அதைத் தோல்வி என்று எழுத யாருக்கும் மனம் வராது.

மருந்து ஆய்வுகளில் இதற்கு இடம் உண்டா?

அமெரிக்காவின் எஃப்டிஏ, புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் நோயாளியிடமே கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய முக்கிய விஷயங்களை 2021-ல் வரைவாகவும், 2024-ல் இறுதி வழிகாட்டுதலாகவும் வெளியிட்டது. நோயின் அறிகுறிகள், மருந்தால் வரும் அறிகுறிகள், பக்கவிளைவுகளின் ஒட்டுமொத்தச் சுமை, உடல் இயக்கம், அன்றாட வேலைகளைச் செய்யும் திறன். இந்த ஐந்தில் மூளைத்திறன் தனித் தலைப்பாக இல்லை. தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். பக்கவிளைவுகளை நோயாளி வாயிலாகவே பதிவு செய்ய அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உருவாக்கிய பட்டியலில் கவனம், நினைவு இரண்டும் இருக்கின்றன. ஆனால் அந்த நீண்ட பட்டியலிலிருந்து எதை எடுப்பது என்பது ஆய்வை வடிவமைப்பவர் கையில். அவர் எடுக்காவிட்டால், மருந்து சந்தைக்கு வந்த பிறகு 'இதுக்கும் மறதிக்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்?' என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு எண் இருக்காது.

தமிழில் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கும் தனியாக ஒரு வேலை இருக்கிறது. இத்தகைய கேள்வித்தாளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்த்து, ஒன்றாக்கி, மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, கடைசியில் நோயாளிகளிடம் கொடுத்து என்ன புரிந்தது என்று கேட்பதே வழக்கம். 'கவனக்குறைவு இருந்ததா?' என்று கேட்டால், தமிழில் அது குற்றம்சாட்டுவது போலத் தொனிக்கும். பலரும் 'இல்லை' என்றுதான் குறிப்பார்கள். 'மந்தம்' என்றால் திட்டு. 'அடுப்புல பாலை வச்சுட்டு மறந்துடுறேன், டிவி சீரியல்ல கதை புரிய மாட்டேங்குது, பேரு வாயில வர மாட்டேங்குது' என்று சொல்லும் ஒருவர், 'நினைவாற்றலில் குறைபாடு' என்ற கட்டத்தில் 'இல்லவே இல்லை' என்று டிக் போட்டுவிட்டுப் போகவும் வாய்ப்பிருக்கிறது.